கதவைத் திறந்து இறங்கிய பிறகு: சாலைத் தகராறில் செய்யக்கூடாத தவறுகள்

சிக்னலில் கார் நிற்கிறது. இடுக்கில் நுழைந்த பைக் அதன் பக்கக் கண்ணாடியை உரசுகிறது. கார்க்காரர் ஹாரனை அழுத்த, பைக்காரர் திரும்பி முறைக்கிறார். இதுவரை நடந்தது கண்ணாடி மாற்றும் செலவோடு தீரக்கூடிய விஷயம். அடுத்து கார்க் கதவு திறக்கிறது. பைக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையில் இருந்ததைக் கையில் பிடிக்கிறார். இனி நடக்கப்போவது போக்குவரத்து விவகாரம் அல்ல, குற்ற வழக்கு.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பலரையும் மாட்டிவிடுகிறது. "தப்பு அவன் மேல, அதனாலதான் அடிச்சேன்" என்று ஸ்டேஷனில் சொல்பவர், தன் பக்க நியாயத்தைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அடித்ததை ஒப்புக்கொள்கிறார். சிக்னலை யார் மீறினார் என்பது ஒரு கேள்வி. யார் யாரை அடித்தார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் ஜெயித்தவர் இரண்டாவதில் ஜெயிலுக்குப் போகலாம். எதிராளி கடுமையாகச் சீண்டினார் என்று நிரூபித்தால் தண்டனை குறைய வாய்ப்பு உண்டு, குற்றமே இல்லை என்று ஆகிவிடாது.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். இங்கே இந்தியச் சட்டத்தை வைத்தே சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. சாலைச் சண்டை வழக்குகளில் நான்கு பிரிவுகள் வழக்கமாகச் சேர்ந்தே வரும்: பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது (296), வழிமறித்தது (126), அடித்தது (115), மிரட்டியது (351). ஐந்து நிமிடச் சண்டையில் இந்த நான்கும் நடந்து முடிந்துவிடும்.

வழிமறிப்பதை யாரும் குற்றமாகவே நினைப்பதில்லை. முன்னால் போய் வண்டியைக் குறுக்கே நிறுத்துவது, "பணம் கொடுக்காம நகர விடமாட்டேன்" என்று மறித்து நிற்பது, அடுத்தவர் பைக் சாவியைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் இதில் வரும். ஒருவர் போக உரிமை உள்ள வழியில் அவரைப் போகவிடாமல் தடுத்தால் போதும், தொடக்கூட வேண்டாம். ஒரு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். சேதம் உங்களுக்குத்தான் என்றாலும் சாவியைப் பிடுங்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. நம்பர் பிளேட்டைப் படம் எடுங்கள், அது போதும்.

மிரட்டலில் ஒரு சொல் எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்று பாருங்கள். சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை. "கொன்னுடுவேன்" என்றால் 7 ஆண்டு வரை போகும். கோபத்தில் எல்லோர் வாயிலும் வரும் வார்த்தைதான். வெறும் வார்த்தையா, எதிராளியைப் பயமுறுத்தும் நோக்கம் இருந்ததா என்பதை நீதிமன்றம் பார்க்கும். ஆனால் அந்தக் கட்டம் வருவதற்குள் எஃப்.ஐ.ஆர்., ஜாமீன், வாய்தா என்று ஆண்டுகள் ஓடியிருக்கும்.

அடி விஷயத்துக்கு வருவோம். "லேசா ஒரு அறைதான்" என்பார்கள். காயம் லேசா பலமா என்பதைச் சட்டம் வலியை வைத்து அளப்பதில்லை. எலும்போ பல்லோ உடைந்தாலும், இடம் பெயர்ந்தாலும் அது கொடுங்காயம். அதாவது ஒரு பல்! அறைந்த கைக்கு 1 ஆண்டு வரையிலான தண்டனையாக இருந்திருக்க வேண்டியது, பல் பெயர்ந்ததும் 7 ஆண்டு வரை என்று ஏறிவிடும். கையில் பொருள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கத்தி, துப்பாக்கி மட்டும் ஆயுதம் அல்ல. தாக்கப் பயன்பட்டு, உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய எதுவும் ஆயுதமாகக் கருதப்படலாம். வீல் ஸ்பேனர், ஜாக்கி லீவர், கையில் பிடித்த அந்த ஹெல்மெட்டும்கூட. அதனால்தான் சொல்கிறேன், பைக்கை விட்டு இறங்க நேர்ந்தால் ஹெல்மெட் தலையிலேயே இருக்கட்டும்.

வெறுங்கை என்றால் தப்பித்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவின் வழக்கை அறிந்துகொள்ள வேண்டும். 1988 டிசம்பர் 27 அன்று பஞ்சாபின் பாட்டியாலாவில் வண்டிக்கு வழிவிடுவது பற்றி எழுந்த தகராறு அது. தாக்கப்பட்ட 65 வயது முதியவர் இறந்துபோனார். 1999-ல் விசாரணை நீதிமன்றம் சித்துவை விடுவித்தது. 2006-ல் உயர் நீதிமன்றம் 3 ஆண்டு சிறை விதித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, காயம் ஏற்படுத்திய குற்றத்துக்கு மட்டும் 1,000 ரூபாய் அபராதம் போட்டது. முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். இறந்தவரின் குடும்பம் சீராய்வு கேட்டது. 2022 மே மாதம் அதே உச்ச நீதிமன்றம் ஓராண்டு கடுங்காவல் விதித்தது. குத்துச்சண்டை வீரர், மல்யுத்த வீரர், கிரிக்கெட் வீரர் போன்ற உடல் வலு மிக்கவர் ஓங்கும்போது கையே ஆயுதம் ஆகலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. சண்டை நடந்தபோது சித்துவுக்கு 25 வயது. சிறைக்குப் போனபோது 58. எதிரில் நிற்பவரின் வயதும் உடல்நிலையும் நமக்குத் தெரியாது என்பதுதான் இந்த வழக்கில் என்னை உலுக்கும் விஷயம்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, வண்டியை வைத்துப் பழிவாங்குவது. துரத்திப் போய் உரசுவது, முன்னால் புகுந்து சட்டென்று பிரேக் போடுவது, மறித்து நிற்பவரைப் பயமுறுத்த வண்டியை இஞ்ச் இஞ்சாக நகர்த்துவது. நகர்த்துபவருக்கு அது மிரட்டல்தான். ஆனால் நின்றவர் பானெட்டில் விழுந்து, பதற்றத்தில் ஆக்சிலரேட்டர் மிதிபட்டால், கொலை முயற்சி வழக்கு வரை போகும். வேண்டுமென்றே இடித்தது என்று ஆனால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது. பிடிக்கத்தக்க குற்றத்துக்கு (வாரன்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடியது) வண்டியைப் பயன்படுத்தியவரின் லைசென்ஸைப் பறிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-வது பிரிவில் இடம் இருக்கிறது. மறித்து நிற்பவருக்கும் ஒரு வார்த்தை: கோபத்தில் இருப்பவரின் வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள்.

"தற்காப்புக்காக அடித்தேன்" என்பது அடுத்து வரும் வாதம். தற்காப்பு உரிமை உண்மையிலேயே உண்டு. ஆனால் ஆபத்து நீடிக்கும் வரைதான் அதற்கு ஆயுள். அடிக்க வந்தவரைத் தள்ளிவிடுவது தற்காப்பு. அவர் திரும்பிப் போகும்போது பின்னால் ஓடிப் போய் முதுகில் குத்துவது தாக்குதல். கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டிக்கொண்டு 112-க்கு அழைக்க வழி இருந்தும் இறங்கிப் போனவருக்கு இந்த வாதம் அதிகம் கைகொடுக்காது.

நண்பர்களுக்கு போன் போட்டு வரவழைக்கவே கூடாது. தாக்கும் எண்ணத்தோடு ஐந்து பேர் சேர்ந்தாலே அது சட்டவிரோதக் கூட்டம். ஒருவர் கை ஓங்கினால் மற்ற நால்வரும் பொறுப்பு. பின்சீட்டில் இருந்து இறங்கி எதிராளியின் கையைப் பிடித்துக்கொண்ட தம்பிக்கும் இதே கதைதான். பொது நோக்கம் அந்த இடத்திலேயே உருவானது என்று சொல்லி அவரையும் சேர்ப்பார்கள். அரசு வேலைக்குப் படிக்கிற பையன் என்றால் அந்தக் குடும்பத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள். வழக்கு நிலுவையில் இருப்பதைக் காரணம் காட்டி பாஸ்போர்ட்டையும் மறுக்கலாம்.

சரி, சண்டை நடந்தேவிட்டது. அப்புறம் செய்யும் தவறுகளும் குறைவில்லை. யாருக்காவது அடிபட்டிருந்தால் அவரை விட்டுவிட்டு ஓடக்கூடாது. சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது ஓட்டுநரின் கடமை. கூட்டம் கொந்தளித்து அங்கே நிற்க முடியாத நிலை என்றால் சட்டம் அதைப் புரிந்துகொள்கிறது. ஆனால் கூடிய விரைவில், 24 மணி நேரத்துக்குள், பக்கத்துக் காவல் நிலையத்தில் தகவல் சொல்லியாக வேண்டும்.

உங்களுக்குக் காயம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படி அடிபட்டது என்று மறைக்காமல் சொல்லிப் பதிய வையுங்கள். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்று வெட்கத்தில் சொன்னது பிறகு உங்கள் புகாருக்கே எதிரியாக நிற்கும். புகாரையும் தள்ளிப்போடாதீர்கள். எதிராளி முந்திக்கொண்டால், நீங்கள் கொடுப்பது அதற்குப் பதிலடியாகக் கொடுத்த கவுன்டர் கேஸ் போலத் தோன்றும். எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைய வேண்டாம். எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதியச் சட்டம் வழி செய்திருக்கிறது.

வீடியோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோபத்தோடு ஆன்லைனில் போட்டுவிடுவார்கள், அதில் போட்டவர் திட்டியதும் பதிவாகியிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். தனக்குப் பாதகமாக இருக்கிறது என்று அழிப்பது இன்னொரு குற்றமாகிவிடும். டேஷ்கேம் (வண்டிக்குள் பொருத்தும் கேமரா) இருந்தால், பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் மெமரி கார்டைக் கழற்றி பத்திரப்படுத்துங்கள். வெட்டி ஒட்டாத முழுப் பதிவுதான் வேண்டும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி அதோடு ஒரு சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். கார்டு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.