சிறு தொழிலின் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவது எப்படி

டிரேட்மார்க் விண்ணப்பப் படிவம் அப்படியொன்றும் கடினமானதல்ல. ஆனால் பதிவு நிலைக்குமா, நாளைக்கு ஒருவர் உங்கள் பெயரைக் காப்பியடித்தால் அதை வைத்து அவரைத் தடுக்க முடியுமா என்பதெல்லாம் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடும். எந்தப் பெயர், யார் பெயரில், எந்தப் பொருளுக்கு? இந்த மூன்றில் பிழை விட்டால் பின்னால் திருத்த வழி மிகக் குறைவு. மறுபடி கட்டணம் கட்டிப் புது விண்ணப்பம் போட வேண்டியதுதான்.

நிறுவனப் பதிவு, தொழில் உரிமம், இணைய டொமைன் ஆகிய மூன்றும் கையில் இருந்தாலும் டிரேட்மார்க் உரிமை வந்துவிடாது. நிறுவனப் பதிவகம் ‘இதே பெயரில் வேறு நிறுவனம் இருக்கிறதா’ என்று பார்க்கும். அந்தப் பெயரில் சோப்பு விற்க யாருக்கு உரிமை என்பது அதன் வேலை அல்ல.

பெயரிலிருந்து தொடங்கலாம். பொருளை அப்படியே வர்ணிக்கும் சொல் பதிவாவது கடினம். சோப்புக்கு ‘நுரை’ என்று பெயர் வைத்தால் டிரேட்மார்க் பதிவகம் மறுக்கவே வாய்ப்பு அதிகம். எல்லா சோப்பும் நுரைக்கும், அந்தச் சொல் எல்லா வியாபாரிக்கும் தேவை. அதே ‘நுரை’யைப் புத்தகம் பைண்டு செய்யும் தொழிலுக்கு வைத்தால் நல்ல வலுவான டிரேட்மார்க், ஏனென்றால் பொருளுக்கும் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை. கணினிக்கு ‘ஆப்பிள்’ இப்படித்தான். அதைவிட வலுவானது, ‘கோடாக்’ போல அகராதியிலேயே இல்லாத சொல். தரத்தைப் புகழும் சொற்கள், ஊர்ப் பெயர்கள், பரவலான குடும்பப் பெயர்கள் ஆகியவற்றிலும் சிக்கல் உண்டு. வாடிக்கையாளருக்குச் சட்டென்று புரிய வேண்டும் என்று வர்ணனைப் பெயரையே தேடிப் போவதுதான் சிறு தொழில்களில் அடிக்கடி நடக்கும் தவறு. புரிய வைக்கும் வேலையைப் பெயருக்குக் கீழே ஒரு வரி செய்யட்டும்.

அடுத்தது தேடல். பதிய நினைக்கும் நாட்டின் பதிவகத் தளத்தில் இலவசத் தேடல் வசதி பெரும்பாலும் இருக்கும். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பிராண்ட் தரவுத்தளத்தில் பல நாட்டுப் பதிவுகளை ஒரே இடத்தில் பார்க்கலாம், அதுவும் இலவசம். எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இல்லை என்றதும் நிறுத்திவிடாதீர்கள். ஒலி, தோற்றம், அர்த்தம் மூன்றையும் ஒப்பிட்டே பதிவகத்தின் ஆய்வாளர் பார்ப்பார். தமிழ்ப் பெயரானால் ஆங்கில எழுத்தில் வரக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். ‘நிழல்’ என்றால் ழகரத்துக்கு எல் ஒரு முறை, இசட்-எச் ஒரு முறை. நெடிலுக்கு ஒற்றை எழுத்தும் இரட்டை எழுத்தும் தனித்தனியாக. பிறகு சமூக வலைத்தளங்களிலும் இணையக் கடைகளிலும் தேடுங்கள். பதிவே செய்யாமல் நெடுநாளாகப் பயன்படுத்தி வருபவருக்கும் இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் உரிமை உண்டு. சீனா போன்ற நாடுகளில் பொதுவாக முதலில் விண்ணப்பித்தவர் கைதான் ஓங்கும்.

பெயரா, லோகோவா? ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அலங்காரமற்ற எழுத்தில் பெயரை மட்டும் பதியுங்கள். எழுத்துருவும் நிறமும் மாறினாலும் அந்தப் பதிவு கூடவே வரும். லோகோவை மட்டும் பதிந்தால், நான்கு வருடம் கழித்து டிசைன் மாற்றும்போது பழைய பதிவு பயன்பாட்டில் இல்லாததாகிவிடலாம். வர்ணனைப் பெயரை லோகோவுக்குள் வைத்துப் பதிவு வாங்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பதிவு கிடைக்கலாம்தான். ஆனால் கிடைக்கும் பாதுகாப்பு பெரிதும் படத்துக்குத்தான், சொல்லுக்கு அல்ல.

உரிமையாளர் பெயரில் கவனம் தேவை. தொழிலை நடத்துவது நிறுவனமாக இருக்க, பங்குதாரர் ஒருவர் தன் சொந்தப் பெயரில் விண்ணப்பித்துவிட்டால் அவர் விலகும் நாளில் பெயரும் அவரோடு போகும். அமெரிக்காவில் உண்மையான உரிமையாளர் அல்லாதவர் போட்ட விண்ணப்பம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. லோகோவை வெளி ஆளிடம் வரைந்து வாங்கியிருந்தால் அதன் பதிப்புரிமையை உங்களுக்கு மாற்றித் தரும் ஒரு பக்கக் கையெழுத்துத் தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்ததாலேயே பதிப்புரிமை கைமாறிவிடாது.

இனி வகுப்பு, அதாவது உங்கள் பொருளோ சேவையோ எந்தப் பிரிவில் வருகிறது என்பது. பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் நீஸ் வகைப்பாட்டில் 45 வகுப்புகள்: 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். பதிவு நீங்கள் குறித்த வகுப்புக்கும் அதில் எழுதிய பொருள்களுக்கும்தான். கட்டணமும் அநேக இடங்களில் வகுப்புக் கணக்கில்தான். சோப்புத் தொழிலையே பாருங்கள். குளியல் சோப்பு 3-ஆம் வகுப்பு. மருந்து கலந்த சோப்பு என்றால் 5. அதே பெயரில் வாசனை மெழுகுவத்தி விற்றால் 4. சோப்புப் பெட்டி 21. பிறர் தயாரித்த சோப்புகளையும் சேர்த்துக் கடை நடத்தினால் 35. சோப்பு செய்யப் பயிற்சி வகுப்பு எடுத்தால் 41. எல்லாவற்றிலும் பதிய வேண்டியதில்லை. இன்று வருமானம் வரும் வகுப்பு, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் உறுதியாக இறங்கப்போகும் வகுப்பு, இவை போதும்.

வகுப்புக்குள் பொருள் விவரத்தைப் பதிவகத்தின் அங்கீகரித்த பட்டியலிலிருந்து எடுத்தால் ஆட்சேபம் குறையும். மிகக் குறுக்கி ‘வேப்பெண்ணெய் சோப்பு’ என்று மட்டும் எழுதினால், நாளைக்கு ஷாம்பூ தொடங்கும்போது பதிவில் அது இருக்காது. வகுப்புத் தலைப்பு முழுவதையும் அள்ளிப் போட்டால், விற்காத பொருள்களுக்காகப் பின்னால் ரத்துக் கோரிக்கை வரும், அடுத்தவரின் பழைய பதிவோடு வீணாக மோதவும் நேரும். தாக்கல் செய்த பிறகு பட்டியலைச் சுருக்கலாம், கூட்ட முடியாது. அதனால் அனுப்புமுன் இன்னொருவரை விட்டு ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று படிவம் கேட்டால், ஆதாரம் காட்டக்கூடிய தேதியை மட்டும் எழுதுங்கள். தேதியிட்ட பில், உறையின் படம், விளம்பரம், இணையக் கடைப் பக்கம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பில்லில் பொருளின் பெயர் தெரிய வேண்டும். ‘சரக்கு 40’ என்று போட்ட பில்லால் டிரேட்மார்க் வழக்கில் பயனில்லை.

விண்ணப்பம் போனதும் ஆய்வு. ஆட்சேபம் இரண்டு வகை. பெயரே பதியத் தகாதது (வர்ணனை, ஏமாற்றும் தன்மை) என்பது ஒன்று. ஏற்கனவே உள்ள பதிவோடு ஒத்துப்போகிறது என்பது மற்றது. முதல் வகைக்கு, நீண்ட பயன்பாட்டால் மக்கள் அந்தப் பெயரை உங்களோடுதான் இணைத்துப் பார்க்கிறார்கள் என்று விற்பனை, விளம்பர ஆதாரங்களால் காட்ட வேண்டும். இரண்டாவதற்குப் பொருள் பட்டியலைச் சுருக்குவது, அந்தப் பழைய பதிவின் உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் வாங்குவது, அவர் அதைப் பயன்படுத்தவே இல்லையென்றால் ரத்து கோருவது என வழிகள் உண்டு. பதில் தர இந்தியாவில் ஒரு மாதம், அமெரிக்காவில் மூன்று மாதம். கெடுவைத் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். நல்ல விண்ணப்பங்கள் பல வீணாவது இப்படித்தான்: பதிவகத்தின் மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில் கிடக்கும், அல்லது முகவரி மாறியதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். மாதம் ஒருமுறை தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள்.

ஆய்வில் தேறினால் பதிவகத்தின் இதழில் வெளியிடுவார்கள். பிறர் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்: அமெரிக்காவில் 30 நாள், பிரிட்டனில் 2 மாதம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 3 மாதம், இந்தியாவில் 4 மாதம். உங்கள் பெயரும் முகவரியும் பொதுவெளிக்கு வருவதால் போலி பில்களும் தேடி வரும். அரசு முத்திரை போல ஒன்றை அடித்து, ‘சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்கக் கட்டணம்’ என்று கேட்பார்கள். பதிவகத் தளத்திலோ உங்கள் வழக்கறிஞரிடமோ கேட்டு உறுதி செய்யாமல் கட்டாதீர்கள்.

டிஎம் என்ற குறியை விண்ணப்பிக்கும் முன்பே பெயரோடு போடலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்து, பதிவான பிறகு மட்டும், பதிந்த நாட்டிலும் பதிந்த பொருளுக்கும் மட்டும். இந்தியா உட்படப் பல நாடுகளில் மீறுவது குற்றம்.

பதிவு பொதுவாக 10 ஆண்டுகளுக்கு, பிறகு பத்துப் பத்தாண்டாகப் புதுப்பிக்கலாம். அமெரிக்காவில் 5, 6-ஆம் ஆண்டுகளுக்கு இடையில் பயன்பாட்டு உறுதிமொழி ஒன்றும் தர வேண்டும், இதை மறந்து பதிவை இழப்பவர்கள் உண்டு. பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் பதிவு போகும். சீனாவில் 3 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 5 ஆண்டு பயன்பாடு இல்லாவிட்டால் ரத்துக் கோரலாம்.

வெளிநாட்டுச் சந்தை மனதில் இருந்தால் முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் தாக்கல் செய்யுங்கள். பாரிஸ் உடன்படிக்கைப்படி கோரினால் அங்கேயும் முதல் தேதியே கணக்காகும். மாட்ரிட் எனப்படும் சர்வதேசப் பதிவு முறையில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிக்கலாம், ஆனால் முதல் 5 ஆண்டுக்குள் சொந்த நாட்டுப் பதிவு விழுந்தால் மற்றவையும் கூடவே விழும். சொந்த நாட்டில் பெயர் ஆட்டம் காண்பதாகத் தெரிந்தால் தனித்தனியாகப் போடுவதே மேல். விற்கும் நாட்டோடு, பொருள் தயாராகும் நாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாரோ உங்கள் பெயரைப் பயன்படுத்துவது தெரிந்ததும் கோபத்தில் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். அவர் எப்போது தொடங்கினார், எந்தப் பொருளுக்கு, உங்கள் பதிவில் அந்தப் பொருள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பக்கங்களைத் தேதியோடு சேமியுங்கள். இந்தியாவிலும் பிரிட்டனிலும் ஆதாரமற்ற மிரட்டலுக்காக எதிராளி உங்கள்மேலேயே வழக்குப் போடலாம்.