தீம் மாற்றியதும் பொத்தான்கள் பெருத்துவிட்டனவா? ஜிடிகே விட்ஜெட் அளவைச் சரிசெய்வது எப்படி

லினக்ஸில் பொத்தான், பெட்டி போன்ற விட்ஜெட்களைப் பல செயலிகளுக்கு வரைந்து தருவது ஜிடிகே என்ற கருவித்தொகுப்பு. அதற்குப் புதுத் தீம் ஒன்றை இறக்கிப் போட்டால் ஃபைல் மேனேஜரும் செட்டிங்ஸும் பளிச்சென்று இருக்கும். எண் பெட்டிகள் நிறைந்த இங்க்ஸ்கேப் போன்ற வரைகலைச் செயலியைத் திறக்கும்போதுதான் வினை தெரியும்: பேனல் அகன்று, வரைய வேண்டிய இடத்தையே விழுங்கியிருக்கும். செயலியைக் குறை சொல்லும் முன், தீம்தான் காரணமா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை.

செயலியை முழுவதும் மூடுங்கள். டெர்மினலில் அதன் பெயருக்கு முன்னால், ஜிடிகே_தீம் என்ற சூழல் மாறிக்கு (செயலி தொடங்கும்போது படிக்கும் அமைப்பு) அத்வைதா என்ற மதிப்பைக் கொடுத்து இயக்குங்கள். மாறியின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில், நடுவில் அடிக்கோட்டுடன் இருக்க வேண்டும். அத்வைதா என்பது ஜிடிகே 3-க்குள்ளேயே இருக்கும் இயல்பான தீம். முழுவதும் மூடச் சொன்னதற்குக் காரணம் உண்டு: பல செயலிகள் ஒரே ஒரு பிரதியாகத்தான் ஓடும். பழைய பிரதி பின்னணியில் உயிரோடு இருந்தால், நீங்கள் கொடுத்த கட்டளை அதற்கே போய்ச் சேரும், எதுவும் மாறாது.

அத்வைதாவிலும் அளவு கோணலாக இருந்தால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, எழுத்து அளவைப் பெருக்கும் அமைப்பு 1-ஐத் தாண்டியிருக்கிறதா என்பது. மற்றொன்று, வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் .கான்ஃபிக் கோப்புறைக்குள் ஜிடிகே-3.0, அதற்குள் ஜிடிகே.சிஎஸ்எஸ் என்ற கோப்பு. சிஎஸ்எஸ் என்பது தோற்றத்தை விதிகளாக எழுதும் மொழி. எப்போதோ ஒட்டி மறந்த விதிகள் அதில் கிடந்தால், எந்தத் தீமைப் போட்டாலும் கூடவே வரும். கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி இயக்குங்கள்.

தீம்தான் காரணம் என்று உறுதியானால், அளவு எப்படிக் கூடுகிறது என்று புரிந்துகொள்வது நல்லது. ஜிடிகே 3.20 (2016) முதல் விட்ஜெட்டின் குறைந்தபட்ச அகலமும் உயரமும் மின்-விட்த், மின்-ஹைட் என்ற சிஎஸ்எஸ் பண்புகளில் இருந்து வருகின்றன. இவை உள்ளடக்கத்தின் அளவு மட்டுமே. அதைச் சுற்றி விடும் வெற்றிடமான பேடிங்கும், விளிம்புக் கோடான பார்டரும் இதற்கு மேல் சேரும். அத்வைதாவில் சாதாரணப் பொத்தானுக்கு மின்-ஹைட் 24 பிக்சல், மேலும் கீழும் பேடிங் 4, பார்டர் 1, மொத்தம் 34. வலைத்தளத்தில் பேடிங் உட்பட மொத்த அளவையே எழுதிப் பழகியவர்கள் 34-ஐயே மின்-ஹைட்டாக எழுதி, அதற்கு மேல் பேடிங்கும் வைத்துவிடுவார்கள். பெருத்த பொத்தான்கள் பல இப்படிப் பிறந்தவைதான்.

எண் பெட்டியில் இது இன்னும் மோசமாகும். ஸ்பின்பட்டன் என்ற முனைக்குள் (முனை என்பது சிஎஸ்எஸ் விதி பிடிக்கும் ஒரு பகுதி) எண் எழுதும் பெட்டி ஒன்று, கூட்டல் கழித்தலுக்கு இரண்டு பட்டன் முனைகள். தீமில் பட்டன் என்று பொதுவாக எழுதிய விதி இந்தக் குட்டிப் பட்டன்களையும் பிடித்துக்கொள்ளும். மின்-விட்த் 64, இடமும் வலமும் பேடிங் 16 என்று வைத்தால் ஒரு பட்டன் 96 பிக்சல், ஒரு பெட்டியின் இரண்டு பட்டன்கள் 192. இங்க்ஸ்கேப்பில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால் மேலே வரும் எக்ஸ், ஒய், அகலம், உயரம் என்ற நான்கு பெட்டிகளுக்கும் சேர்த்து 768. 1366 பிக்சல் திரையில் பாதிக்கு மேல் கூட்டல் கழித்தல் குறிகளுக்கே போய்விடுகிறது!

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். டெர்மினலில் ‘நெகட்டிவ் கன்டென்ட் விட்த் -11, அலோகேஷன் 1, எக்ஸ்டென்ட்ஸ் 6x6’ என்ற மாதிரி எச்சரிக்கை வந்தால், 1 பிக்சல் மட்டும் கிடைத்த இடத்தில் இருபுறமும் 6 பிக்சல் பேடிங்கையும் பார்டரையும் தீம் கேட்கிறது என்று பொருள். அதே வரியில் எந்த முனை, எந்த விட்ஜெட் என்றும் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குற்றவாளி விதியைப் பிடிக்க ஜிடிகே இன்ஸ்பெக்டர் போதும். ஜிடிகே_டீபக் என்ற மாறிக்கு இன்டராக்டிவ் என்று கொடுத்துச் செயலியை இயக்கினால் கூடவே திறக்கும். மேலே உள்ள குறிபார்க்கும் பொத்தானை அழுத்தி, பெருத்திருக்கும் விட்ஜெட்டைச் சொடுக்குங்கள். சிஎஸ்எஸ் முனைகள் பகுதியில் ஒவ்வொரு பண்பின் மதிப்பும், அது எந்தக் கோப்பின் எந்த வரியில் இருந்து வந்தது என்பதும் தெரியும். சிஎஸ்எஸ் எழுதும் பகுதியில் திருத்தத்தைத் தட்டினால் உடனே திரையில் மாறும். மூடினால் போய்விடும், அதனால் சரியாக வந்ததும் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தத்தைத் தீம் கோப்பில் எழுதாதீர்கள். தீம் புதுப்பித்தலில் அழிந்துபோகும். மேலே சொன்ன உங்கள் ஜிடிகே.சிஎஸ்எஸ் கோப்பில் எழுதுங்கள். ஸ்பின்பட்டன், ஓர் இடைவெளி, பட்டன் என்று தேர்வி, அதாவது விதி எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் பகுதி. உள்ளே மின்-விட்த் 16 பிக்சல், பேடிங் மேலும் கீழும் 0, இடமும் வலமும் 4 பிக்சல். இதில் ஒன்றை மட்டும் குறைத்தால் மற்றது அப்படியே நிற்கும், இரண்டையும் எழுத வேண்டும். ஆனால் தேர்வியில் வெறும் பட்டன் என்று எழுதிவிடாதீர்கள். பயனர் கோப்பின் முன்னுரிமை எண் 800, செயலியின் சொந்த விதிகளுக்கு 600, தீமுக்கு 200. முன்னுரிமை கூடிய இடத்தில் இருப்பது எவ்வளவு பொதுவான விதியாக இருந்தாலும், கீழே உள்ள நுணுக்கமான விதியை வென்றுவிடும். தலைப்புப் பட்டையின் மூடும் பொத்தான் வரை எல்லாம் உருக்குலையும்.

தீம் கோப்பைத்தான் தொடுவேன் என்றால் கோப்புறையைக் கவனியுங்கள். ஜிடிகே-3.0, ஜிடிகே-3.20 இரண்டும் இருந்தால் ஜிடிகே 3.24 படிப்பது இரண்டாவதை. முதலாவதில் மணிக்கணக்காகத் திருத்தினாலும் பலன் இருக்காது.

சூடோ வழியாக நிர்வாகி உரிமையில் திறந்த செயலியும், தனிக் கூண்டுக்குள் ஓடும் ஃபிளாட்பேக் செயலியும் மட்டும் ஒழுங்கான அளவில் தெரிந்தால் தீம் திருந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம். வீட்டுக் கோப்புறையில் இருக்கும் தீம் அவற்றுக்கு எட்டவில்லை. ஜிடிகே சத்தமில்லாமல் அத்வைதாவுக்குப் போயிருக்கிறது.

தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ‘விருப்பத்தேர்வுகள்’ போன்ற நீளமான சொல்லோடு தாராளமான பேடிங்கும் சேர்ந்தால் உரையாடல் பெட்டி ஏகத்துக்கு அகலும். விட்ஜெட்டுக்கு வெளியே விடும் இடைவெளியான மார்ஜினை மைனஸில் வைத்து ஒடுக்கிய தீம்களில் உயரமான தமிழ் எழுத்துரு பக்கத்து விட்ஜெட்டின்மேல் ஏறி நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த தீமில் இது பிடிபடாது.

லிப்அத்வைதா என்ற க்னோம் நூலகத்தில் எழுதிய ஜிடிகே 4 செயலிகள் நீங்கள் தேர்ந்தெடுத்த தீமைக் கண்டுகொள்வதில்லை. அதற்காக ஜிடிகே-4.0 கோப்புறையில் முழுத் தீமையும் கொண்டுபோய் ஒட்டுவதும், ஜிடிகே_தீம் மாறியை சிஸ்டம் முழுவதற்கும் நிரந்தரமாக வைப்பதும் வம்பை விலைக்கு வாங்குவதுதான். அந்த மாறி சோதனைக்கு. வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.