ஹெலிகாப்டர் விமானி உரிமம்: பயிற்சியும் தகுதிகளும்

ஹெலிகாப்டர் விமானியாக விரும்புகிறவர், பயிற்சிப் பள்ளிக்குக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்ள வேண்டும். பார்வை, நிறங்களைப் பிரித்தறியும் திறன், செவித்திறன், இதயம், நரம்பு, மனநலம் எல்லாவற்றையும் அதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவர் சோதிப்பார். கண்ணாடி அணிவது தடையல்ல; அணிந்த நிலையில் பார்வை வரையறைக்குள் இருந்தால் போதும். சர்வதேச வரையறைப்படி, ஊதியமின்றிப் பறப்பதற்கான தனியார் உரிமத்துக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழும், ஊதியம் பெற்றுப் பறப்பதற்கான வணிக உரிமத்துக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழும் தேவை. பின்னாளில் இதையே தொழிலாகக் கொள்ளும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், தொடக்கத்திலேயே முதல் வகுப்புப் பரிசோதனைக்குச் செல்வதே நல்லது. பெருந்தொகை செலவழித்த பிறகு நிறப்பார்வைக் குறைபாடு தெரியவருவதைப் போன்ற வேதனை வேறில்லை.

உரிமங்களுக்கான அடிப்படைத் தகுதிகளைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்திருக்கிறது. ஒவ்வொரு நாடும் அவற்றைத் தழுவித் தன் விதிகளை அமைத்துக்கொள்கிறது. தனியார் உரிமத்துக்கு 17 வயதும், வணிக உரிமத்துக்கு 18 வயதும், பெருநிறுவனங்களில் தலைமை விமானியாக அமர்வதற்குரிய மிக உயர்ந்த உரிமத்துக்கு 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டு நிலையத்தோடு வானொலியில் ஆங்கிலம் பேசிச் சர்வதேசப் பறத்தலில் ஈடுபடுவோர் மொழித்திறனுக்கான ஆறு படிநிலைகளில் நான்காவதையேனும் எட்டியிருக்க வேண்டும். சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட வானொலித் தொடர்புக்குரிய வாசகங்களைத் தனியாகப் பயில வேண்டியிருக்கும்.

தனியார் உரிமத்துக்கு அந்த அமைப்பு கேட்கும் குறைந்தபட்சப் பறத்தல் நேரம் 40 மணி; அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவருக்கு 35 மணி. அமெரிக்காவில் பொதுவாக 40 மணி, ஐரோப்பிய விதிகளில் 45 மணி. சர்வதேச வரையறைப்படி இதில் 10 மணிநேரம் ஆசிரியர் உடன் இல்லாமல் தனியாகப் பறந்திருக்க வேண்டும். அதிலும் 5 மணிநேரம் ஊர் கடந்து செல்லும் பயணமாகவும், அவற்றுள் ஒன்று இரு வேறு இடங்களில் இறங்கி ஏறி 180 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவு செல்வதாகவும் இருக்க வேண்டும். இந்த எண்கள் கீழ்வரம்பு மட்டுமே. பெரும்பாலானோருக்கு இதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது; ஆகவே குறைந்தபட்ச மணிநேரத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டுப் பயிற்சியில் இறங்குவது, பாதியில் நின்றுபோக வழிவகுக்கும். இடைவெளி விட்டு விட்டுப் பறப்பவர்கள் ஒவ்வொரு முறையும் முந்தைய பாடத்தையே மீண்டும் கற்க நேர்வதால், முழுத்தொகையையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாரத்தில் சில நாட்கள் தொடர்ந்து பறப்பது மொத்தச் செலவைக் குறைக்கும்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த இயந்திரத்தில் பயிற்சி தருகிறார்கள் என்பதைக் கேட்டறிய வேண்டும். ராபின்சன் ஆர்22 என்ற இரண்டு இருக்கை ஹெலிகாப்டர் உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படுகிறது. அதில் ஓர் இருக்கைக்கான எடை வரம்பு சுமார் 109 கிலோ. பிரான்சில் உருவான கப்ரி ஜி2 மற்றொரு பயிற்சி இயந்திரம். மேலிருந்து பார்த்தால் இவ்விரண்டின் முதன்மை ரோட்டார்களும் (தலைக்கு மேல் சுழலும் இதழ்த் தொகுதிகள்) எதிரெதிர்த் திசையில் சுழல்வதால், ஒன்றில் பழகிய கால் மற்றொன்றில் தவறான பெடலை அழுத்தக்கூடும். தொடக்கப் பயிற்சி முழுவதையும் ஒரே வகை இயந்திரத்தில், முடிந்தவரை ஒரே ஆசிரியரிடம் பெறுவதே சிறந்தது.

ஹெலிகாப்டரை இயக்கும்போது இடக்கை கலெக்டிவ் கோலை உயர்த்தித் தாழ்த்தி ரோட்டார் இதழ்களின் கோணத்தை ஒருசேர மாற்றும். வலக்கையிலுள்ள சைக்ளிக் கோல் போகும் திசையைத் தீர்மானிக்கும். கால்களிலுள்ள பெடல்கள் வால் ரோட்டார் வழியாக மூக்குப்பகுதியைத் திருப்பும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் சரிசெய்தாக வேண்டும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தும் பயிற்சியில் முதல் சில மணிநேரம் எல்லோரும் தடுமாறுவார்கள். கைகளைத் தளர்த்தி, தொலைவிலுள்ள ஒரு பொருளில் பார்வையை நிறுத்தினால் திருத்தங்கள் மெல்ல மெல்லச் சிறியவையாகும்.

எல்லாப் பாடங்களிலும் மேலானதாக நான் கருதுவது ஆட்டோரொட்டேஷன். இன்ஜின் நின்றுபோனால் விமானி கலெக்டிவ்வை உடனே தாழ்த்த வேண்டும். அப்போது இன்ஜினிலிருந்து ரோட்டார் விடுபட, கீழிருந்து மேல்நோக்கிப் பாயும் காற்று அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். தரையை நெருங்கும்போது மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைத்து, மீண்டும் மட்டப்படுத்தி, எஞ்சிய சுழற்சி ஆற்றலைக் கலெக்டிவ்வை உயர்த்திச் செலவிட்டு மெதுவாக இறங்கலாம். ஆர்22 போன்ற இலகுவான இயந்திரத்தில் ரோட்டாரின் சுழற்சி மிக வேகமாகத் தளர்வதால், ஓரிரு விநாடித் தயக்கமும் உயிரைப் பறிக்கும். ஆர்22, அதே நிறுவனத்தின் ஆர்44 இரண்டுக்கும் அமெரிக்கா 1995-இல் தனிப் பயிற்சி விதியைக் கொண்டுவந்ததற்கு, முதன்மை ரோட்டார் இதழ்கள் ஹெலிகாப்டரின் உடற்பகுதியிலேயே மோதிய விபத்துகள் காரணம். சிந்திக்காமலே கை தாழும் வரை இந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். பாடத்திட்டம் கேட்பதை விடவும் அதிகமாகச் செய்யுங்கள்.

தன் ரோட்டார் கீழே தள்ளிய காற்றுச் சுழலுக்குள்ளேயே ஹெலிகாப்டர் வேகமாக இறங்கும் நிலையையும் இதே கவனத்தோடு கற்க வேண்டும். அந்நேரத்தில் கலெக்டிவ்வை உயர்த்தினால் இறக்கம் இன்னும் மோசமாகும். சைக்ளிக்கை முன்னே தள்ளி அந்தச் சுழலைவிட்டு வெளியேறுவதே வழக்கமான தீர்வு.

எழுத்துத் தேர்வில் விமானச் சட்டம், வானிலை, வழிகாணல், பறத்தல் தத்துவம், எடையும் செயல்திறனும், மனிதத் திறன் எல்லைகள் முதலானவை இடம்பெறும். இவற்றுள் வானிலைக்கு அதிக நேரம் கொடுங்கள். வெளிக்காட்சியை நம்பிப் பறப்பவர் எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்துவிட்டால், இயந்திரத்தின் நிலையே புரியாமல் கட்டுப்பாட்டை இழக்கிறார். திரும்பிவிடுவது அல்லது பாதுகாப்பான வெளியில் இறங்கிவிடுவது என்ற முடிவை முன்கூட்டியே எடுக்க அந்தப் பாடம்தான் உதவும்.

வணிக உரிமத்துக்குச் சர்வதேச வரையறை 150 மணிநேரம், அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் 100 மணிநேரம். அதில் 35 மணிநேரம் பொறுப்பு விமானியாகவும், 10 மணிநேரம் வெளிக்காட்சியை நம்பாமல் கருவிகளைக் கொண்டு பறக்கும் பயிற்சியாகவும் இருக்க வேண்டும். இரவில் பறக்க விரும்புகிறவருக்கு 5 மணிநேர இரவுப் பயிற்சியும் வேண்டும். ஆனால் இந்த மணிநேரத்தோடு வேலை கிடைப்பது அரிது. எனவே பலரும் பயிற்சி ஆசிரியராகத் தகுதி பெற்று, கற்பித்துக்கொண்டே மணிநேரத்தைச் சேர்க்கிறார்கள். கடல்சார் எண்ணெய்த் தளங்களுக்கும் மருத்துவ மீட்புப் பணிக்கும் செல்ல நினைப்பவர், கருவி வழிப் பறத்தல் தகுதியையும் பெற்றுவிடுவது நல்லது.

இறுதித் தேர்வில் தேர்வாளர் முதலில் வாய்மொழியாகக் கேள்விகள் கேட்பார்; பிறகு உடன் பறந்து, அவசரநிலைகளைக் கையாளும் விதத்தையும் நீங்கள் எடுக்கும் முடிவுகளையும் பார்ப்பார். உரிமம் கைக்கு வந்த பிறகும் பயணிகளை ஏற்ற வேண்டுமானால், பொதுவாக முந்தைய 90 நாட்களுக்குள் மூன்று முறையேனும் ஏறி இறங்கியிருக்க வேண்டும். ஐரோப்பாவில் பொதுவாக இயந்திர வகை வாரியாக ஆண்டுதோறும் திறன் சோதனை உண்டு; அமெரிக்காவில் 24 மாதங்களுக்கு ஒருமுறை ஆசிரியருடன் மறுபார்வைப் பறத்தல் உண்டு. மருத்துவச் சான்றிதழின் காலாவதித் தேதியையும் இவற்றோடு சேர்த்துப் பறத்தல் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.