கல்யாணத்துக்குச் சரியான போட்டோகிராபரைப் பிடிப்பது எப்படி? வட சென்னைக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் மண்டபம் பேசி முடித்ததும் அடுத்த வேலை போட்டோகிராபர். ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் பலரும் கேட்பது "பேக்கேஜ் எவ்வளவு?" என்றுதான். அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, "எங்க கல்யாணத்துக்கு யார் வந்து எடுப்பாங்க?" ஒரே முகூர்த்த நாளில் மூன்று நான்கு ஆர்டர் பிடிக்கும் ஸ்டூடியோக்கள் உண்டு. சாம்பிள் ஆல்பம் ஒருவர் எடுத்ததாக இருக்கும், மண்டபத்துக்கு வருவது வேறொருவராக இருக்கும். கீழே சொல்லும் படிகள் எல்லாமே இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான்.

படி 1: தேவையை எழுதுங்கள்

நலங்கு, பெண் அழைப்பு, ரிசப்ஷன், முகூர்த்தம் என ஒவ்வொன்றுக்கும் இடம், நேரம், கூட்டம் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். 300, 400 பேர் வரும் கல்யாணத்துக்கு டிரெடிஷனல் போட்டோவுக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், கேண்டிட்டுக்கு (போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுப்பது) ஒருவர் போதும். பணம் இடித்தால் ட்ரோனையும் அவுட்டோர் ஷூட்டையும் வெட்டுங்கள். டிரெடிஷனல் ஆளை மட்டும் வெட்டாதீர்கள். தாய்மாமன் சீர் வைத்ததும், ஊரிலிருந்து வந்த பெரியம்மா மேடையேறியதும் அவர் கேமராவில்தான் இருக்கும்.

படி 2: ஐந்து பேரைப் பட்டியலிடுங்கள்

தை, வைகாசி, ஆவணி முகூர்த்தம் என்றால் நான்கைந்து மாதம் முன்னாடியே தொடங்குங்கள். சமீபத்தில் கல்யாணம் நடந்த சொந்தக்காரர் வீட்டில் கேளுங்கள், மண்டப மேனேஜரிடம் கேளுங்கள். இன்ஸ்டாகிராம் ஆளைக் கண்டுபிடிக்க உதவும், தேர்ந்தெடுக்க உதவாது. அங்கே இருப்பது பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கிய படங்கள்.

படி 3: ஒரு முழுக் கல்யாணத்தைப் பாருங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். "எங்களுக்கு அனுப்பப் போற ஆள் எடுத்த ஒரு கல்யாணத்தை, முதல் படத்திலிருந்து கடைசி வரைக்கும் காட்டுங்க" என்று கேளுங்கள். முடிந்தால் உங்கள் மண்டபத்திலோ, அதே மாதிரி மண்டபத்திலோ எடுத்ததாக இருக்கட்டும்.

தாலி கட்டும் நேரத்துக்குப் போங்கள். கெட்டிமேளம் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து அட்சதை போடுவார்கள், மேடையில் நெரிசல் கூடும், அரை நிமிடத்தில் மூன்று முடிச்சும் முடிந்துவிடும். மாப்பிள்ளையின் கை, பெண்ணின் முகம், பின்னால் முடிச்சுப் போடும் நாத்தனார் மூன்றும் தெளிவாக இருக்கிறதா? வீடியோக்காரரின் முதுகு பாதிப் படத்தை மறைத்திருந்தால், அந்தக் குழுவில் நிற்கும் இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை என்று அர்த்தம்.

அடுத்து குரூப் போட்டோ. மூன்று வரிசை நின்றால் லென்ஸ் துளையை எஃப் 5.6, எஃப் 8 என்று சுருக்கி, ஃபிளாஷ் போட்டு எடுக்க வேண்டும். துளையை எஃப் 1.8 என்று அகலத் திறந்து எடுத்தால் முன்வரிசை மட்டும் பளிச்சென்றிருக்கும், பின்வரிசைத் தாத்தா மங்கிப்போவார். பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தோல் நிறத்தையும் கவனியுங்கள். மாநிறத்தையும் கறுப்பையும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுக்கடிக்கும் எடிட்டிங் நம்மூரில் இன்னும் போகவில்லை. சாம்பிளில் எல்லா முகமும் ஒரே வெள்ளையாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். நம் பிள்ளைகள் நம் பிள்ளைகள் மாதிரியே தெரிய வேண்டும்.

மேடையில் ஊதா, நீல பார் லைட் (மேடை வண்ண விளக்கு) அடித்தால் முகத்தின் நிறமே போய்விடும், எடிட்டிங்கில் முழுசாக மீட்க முடியாது. அது டெக்கரேஷன்காரரிடம் சொல்ல வேண்டியது: முகூர்த்த நேரத்தில் முகத்துக்கு வெள்ளை வெளிச்சம் மட்டும்.

படி 4: கருவி பற்றி மூன்று கேள்வி

"உங்க கேமராவில் ரெண்டு கார்டு ஸ்லாட் இருக்கா? ரெண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகுமா?" ஒரு கார்டு கெட்டால் இன்னொன்று காப்பாற்றும். "ஸ்பேர் கேமரா கொண்டு வருவீங்களா?" "அன்னைக்கு ராத்திரியே எத்தனை இடத்தில் காப்பி போடுவீங்க?" இரண்டு ஹார்ட் டிஸ்க் என்பது குறைந்தபட்சம். 4கே வீடியோ 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) ஓடினால் மணிக்கு 45 ஜிபி ஆகும். அதனால், "கார்டை அழிச்சு அங்கேயே மறுபடி யூஸ் பண்ணிக்குவோம்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். வீடியோவில் எல்இடி வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைத்தால் பெரும்பாலும் அது வராது.

படி 5: இடத்துக்கு ஏற்ற ஏற்பாடு

முகூர்த்தம் விடியற்காலை 4:30 முதல் 6 என்றால், ரிசப்ஷன் எடுத்த குழுவுக்கு மண்டபத்திலேயே ஓர் அறை கொடுங்கள். திருவொற்றியூர் பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டினால் எந்த வண்டியும் நகராது. கோவிலிலோ தேவாலயத்திலோ கல்யாணம் என்றால், கேமரா எங்கே வரைக்கும் போகலாம், ஃபிளாஷ் போடலாமா என்று அங்குள்ள அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். ட்ரோன் கேட்டால் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள். சிவப்பு மண்டலம் என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

படி 6: எழுதி வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் போட்டாலும் பரவாயில்லை, எழுத்தில் இருக்கட்டும்: வரப்போகிறவர்களின் பெயர், வரும் நேரம், போகும் நேரம், கூடுதல் மணிக்கு எவ்வளவு, ஆல்பம் அளவு, எத்தனை ஷீட், தரும் தேதி, எடிட் செய்யாத படங்களும் கிடைக்குமா.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால். ஆகவே ஸ்டூடியோ நீட்டும் தாளில் உரிமை பற்றிய வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுப் பெண்களின் படத்தை விளம்பரத்துக்குப் போடக் கூடாது என்றால் அதையும் அங்கேயே எழுதச் சொல்லுங்கள்.

படி 7: பணமும் ஆல்பமும்

முழுப் பணத்தையும் கல்யாணத்தன்றே கொடுத்துவிட்டால் ஆல்பத்துக்கு அலைய வேண்டியிருக்கும். கால்வாசியாவது நிறுத்தி வையுங்கள். அதே சமயம், தாமதம் பல நேரம் நம் வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. 12க்கு 36 அங்குல அளவில் 40 ஷீட் ஆல்பம் என்றால், ஷீட்டுக்கு நான்கைந்து படம் வீதம் 160 முதல் 200 படம் தேர்வு செய்ய வேண்டும். ஒருவரே உட்கார்ந்து பத்து நாளில் முடித்துக் கொடுங்கள். பிரிண்டுக்குப் போகும் முன் டிசைனை வாங்கி, பெயர், தேதி எழுத்துப்பிழை பாருங்கள். ஹார்ட் டிஸ்க் கைக்கு வந்ததும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் சில படங்கள், ஒவ்வொரு வீடியோவின் கடைசி நிமிடம் திறக்கிறதா என்று பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள்.