அப்டேட் முடிந்தாலும் பழைய ஓட்டை திறந்தே இருக்கும்

லினக்ஸ் வகையான உபுண்டு 22.04 சர்வரில் அப்டேட் போட்டதும் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவியின் ஊதா நிறத் திரை ஒன்று வந்து, எந்தெந்த சர்வீஸை (பின்னணியில் ஓடும் புரோகிராமை) ரீஸ்டார்ட் செய்யலாம் என்று கேட்கும். எங்கள் அணிக்குப் புதிதாக வந்த தம்பி போன வாரம் அதில் கேன்சல் கொடுத்துவிட்டு, "எல்லாம் முடிஞ்சது அண்ணா" என்றான். எனக்கு 2014 ஞாபகம் வந்துவிட்டது. அப்டேட்டுக்குப் பிறகு செய்யும் தவறுகள் இவை.

பேக்கேஜ் மாறினால் புரோகிராமும் மாறிவிட்டது என்று நம்புவது

2014 ஏப்ரலில்தான் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. இணையத் தொடர்பைக் குறியாக்க பல புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரி ஓப்பன்எஸ்எஸ்எல். அதில் இருந்த இந்த ஓட்டை வழியாக, ஒவ்வொரு கோரிக்கைக்கும் 64 கிலோபைட் வரை சர்வரின் மெமரியை வெளியாள் உருவிவிடலாம். நான் அன்று இரவே அப்டேட் போட்டு, வெப்சைட்டுக்கான அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்து, புதுச் சான்றிதழ் வாங்கி, எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னேன். மெயிலுக்கான டவ்காட்டைத் தொடவில்லை. 9 நாள் அது பழைய லைப்ரரியோடே ஓடியது. மாற்றிய பாஸ்வேர்டுகள் எல்லாம் அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. மறுபடி புதுச் சாவி, மறுபடி சான்றிதழ், மறுபடி எல்லோருக்கும் பாஸ்வேர்டு. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

காரணம் எளிது. லினக்ஸில் ஒரு ஃபைலை மாற்றினால் பெயர்தான் புது ஃபைலுக்குப் போகும். ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் புராசஸிடம் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமிடம்) பழையது உயிரோடு இருக்கும். அந்தப் புராசஸ் பயன்படுத்தும் ஃபைல்களைக் காட்டும் மேப்ஸ் ஃபைலைத் திறந்தால் லைப்ரரி பெயருக்குப் பக்கத்திலேயே 'டெலீட்டட்' என்று நிற்கும். ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம்: டெபியன், உபுண்டுவில் நீட்ரீஸ்டார்ட், ஃபெடோரா, ரெட் ஹாட்டில் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் பட்டியலைக் காட்டிவிடும்.

எல்லாவற்றுக்கும் ரீபூட்

வேண்டாம். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), ஜிலிப்சி (பெரும்பாலான புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி), டிபஸ் (புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) மாறினால் ரீபூட். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் சர்வீஸ் ரீஸ்டார்ட் போதும்.

'ரீபூட்-ரிக்வயர்டு' ஃபைலை மட்டும் பார்ப்பது

உபுண்டுவில் ரீபூட் கேட்கும் பேக்கேஜ் வந்தால்தான் அந்த ஃபைல் உருவாகும். டவ்காட் மாதிரி பழைய லைப்ரரியோடு ஓடும் சர்வீஸைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கெர்னலுக்கு 'யூனேம் -ஆர்' கட்டளை காட்டும், இப்போது ஓடும் எண்ணையும் பூட் டைரக்டரியில் இருக்கும் புது எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

லைவ்பேட்ச் இருக்கிறதே என்று விட்டுவிடுவது

ரீபூட் இல்லாமலே ஓட்டையை அடைக்கும் லைவ்பேட்ச் கெர்னலுக்கு மட்டும்.

அப்புறம் தம்பியும் நானும் நீட்ரீஸ்டார்ட்டை மறுபடி ஓட்டினோம். டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் பட்டியலில் நின்றது. இரவு 11 மணிக்கு, கூட்டம் குறைந்ததும், அவனே ரீஸ்டார்ட் செய்தான்.