கேமராவைக் கணினியோடு இணைக்கும்போது செய்யக்கூடாதவை

பழைய புத்தகங்களையும் குடும்ப ஆல்பங்களையும் காப்பி ஸ்டாண்டில் வைத்துப் படமெடுப்பவர்களுக்கு டெதரிங், அதாவது கேமராவைக் கணினியோடு இணைத்துப் படமெடுப்பது, இல்லாமல் முடியாது. கேமரா தலைக்கு மேலே குப்புறத் தொங்கும். அதன் திரையைப் பார்க்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ஷட்டரை விரலால் அழுத்தினால் ஸ்டாண்டே ஆடும். கேபிள் வழியாக லேப்டாப்போடு இணைத்துவிட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே படமெடுத்து, எழுத்து கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் முதல் நாளே ‘கேமரா இணைக்கப்படவில்லை’ என்று வந்து நிற்கும். உடனே மென்பொருளைத் திட்டி, அதை நீக்கி, மறுபடி நிறுவி அரை நாளைத் தொலைப்போம். நானும் தொலைத்திருக்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது கேபிளை.

மேஜை டிராயரில் கிடக்கும் போன் சார்ஜர் கேபிளை மாட்டுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. சில கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா போகாது. டேட்டா போகும் டைப்-சி கேபிள்களிலும் பல யூஎஸ்பி 2.0 வேகம்தான், அதாவது நொடிக்கு 480 மெகாபிட். யூஎஸ்பி 3.0 என்றால் 5 ஜிகாபிட். முனையின் வடிவத்தைப் பார்த்து வேகத்தைச் சொல்ல முடியாது. 45 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் பெரிய கோப்பு) ஏறக்குறைய 50 எம்பி வரும், 2.0 கேபிளில் அது வந்து சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும். பக்கம் புரட்ட அதைவிட அதிக நேரம் பிடிக்கும் என்பதால் நம் வேலைக்கு அது போதும். மாடலை வைத்துப் படபடவென்று எடுப்பவருக்குப் போதாது.

நீளம்தான் எல்லாருக்கும் சிக்கல். சாதாரண 2.0 கேபிளுக்கு 5 மீட்டர், 3.0 கேபிளுக்குச் சுமார் 3 மீட்டர்வரைதான் நம்பலாம். அதற்கு மேல் வேண்டுமென்று இரண்டு கேபிளை ஒட்டுப்போட்டால் நடுவில் அறுந்து அறுந்து வரும். சிக்னலுக்கு வலுக் கொடுக்கும் ஆக்டிவ் கேபிள் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப்பையும் நடுவில் செருக வேண்டாம்.

கேபிள் சரியாக இருந்தும் கேமரா தெரியவில்லையா? வேறொரு நிரல் அதை முன்னாலேயே பிடித்து வைத்திருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்குத்தான் கேமரா பதில் சொல்லும். லினக்ஸில் கோப்பு மேலாளர் அதை ஏதோ பென்டிரைவ் என்று நினைத்துத் தானாகத் திறந்துகொள்ளும். அங்கே அதை ‘அன்மவுன்ட்’ செய்து இணைப்பை விடுவித்தால் போதும். மேக்கில் போட்டோஸ் செயலி முந்திக்கொள்ளும். டெதரிங் செய்யும் லைட்ரூம், கேப்சர் ஒன் ஆகிய இரண்டு மென்பொருளையும் ஒன்றாகத் திறந்து வைத்துவிட்டு இரண்டையும் குறை சொல்பவர்களும் உண்டு.

அடுத்தது கேமராவின் மெனு. சோனியில் யூஎஸ்பி இணைப்பு ‘பிசி ரிமோட்’ என்று இருக்க வேண்டும். ‘மாஸ் ஸ்டோரேஜ்’ என்றிருந்தால் அது வெறும் கார்டு ரீடர்தான். கேனானின் பழைய மாடல்கள் சிலவற்றில் வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் யூஎஸ்பி வேலையே செய்யாது. தானாக அணையும் நேரத்தை நீட்டி வையுங்கள், இல்லையென்றால் நாலு பக்கம் புரட்டுவதற்குள் கேமரா தூங்கி இணைப்பு போய்விடும். லென்ஸ் பார்ப்பதை உடனுக்குடன் திரையில் காட்டும் லைவ் வியூ பேட்டரியைக் குடிக்கும். மின்சாரத்தில் ஓடும் டம்மி பேட்டரி வாங்குவது நல்லது.

ஃபிளாஷ் வைத்து எடுப்பவர்களுக்கு லைவ் வியூ கன்னங்கரேலென்று தெரியும். பழுது ஒன்றுமில்லை. ஃபிளாஷ் வெளிச்சம் வருமென்று கேமராவுக்குத் தெரியாமல், இருக்கும் அறை வெளிச்சத்தை வைத்து எக்ஸ்போஷரை, அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாக விழும் என்பதை, காட்டுகிறது. இப்படி முன்கூட்டிக் காட்டும் ‘எக்ஸ்போஷர் சிமுலேஷன்’ அமைப்பை அணைத்துவிடுங்கள். அதே மாதிரி, லேப்டாப் திரையின் வெளிச்சத்தை நம்பித் தாளின் வெண்மையை முடிவு செய்யாதீர்கள், படத்தில் வெளிச்சமும் இருட்டும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்.

கேபிளின் கனம் கேமராவின் துளையில் தொங்கக் கூடாது. அந்தத் துளை உள்ளே போர்டில் பற்றவைத்திருப்பது. ஒருவர் கால் தடுக்கி இழுத்தால் செலவு கேபிளோடு நிற்காது. கொஞ்சம் தளர்வு விட்டு, வெல்க்ரோ பட்டையால் ஸ்டாண்டின் தூணோடு கட்டுங்கள். டெதர் கேபிள்கள் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் வருவது அழகுக்காக அல்ல, இருட்டு ஸ்டூடியோவில் காலுக்குத் தெரிவதற்காக.

இவை எல்லாம் நேரத்தைத்தான் தின்னும். படத்தையே தின்னுவது ஒன்று உண்டு: கோப்பு எங்கே போய் விழுகிறது என்று பார்க்காமல் இருப்பது. சோனியில் கணினியில் மட்டும், கேமராவில் மட்டும், இரண்டிலும் என்று மூன்று வழி இருக்கிறது. ‘கணினியில் மட்டும்’ என்று விட்டால் கார்டில் நகல் இருக்காது. ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுக்கும்போது கணினிக்கு எது போக வேண்டும் என்பதற்கும் தனி அமைப்பு உண்டு. ஜேபெக் மட்டும் வந்துகொண்டிருப்பதை மாலையில் கண்டுபிடிப்பது வேதனை. சேமிக்கும் ஃபோல்டர் லேப்டாப்பிலேயே இருக்கட்டும், கிளவுடோடு ஒத்திசைவாகும் ஃபோல்டர் வேண்டாம்.

நான் லினக்ஸில், கேமராவைக் கட்டளைகளால் இயக்கும் ஜிபோட்டோ2 என்ற நிரலைக் கொண்டு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். அந்த நிரல் படத்தை இறக்கியதும் கார்டில் வைத்துக்கொள்வதில்லை; ‘வைத்துக்கொள்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. போதாததற்கு, அதே பெயரில் கோப்பு இருந்தால் கேட்காமல் அதன்மேல் எழுதிவிடு என்றும் போட்டிருந்தேன். மதியம் சாப்பிட நிரலை மூடிவிட்டுப் போனேன். திரும்பி வந்து இயக்கியதும் எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து, காலையில் எடுத்த பக்கங்கள் மேல் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனது. இரவு பார்க்கும்போது புத்தகம் உரியவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கோப்புப் பெயரிலும் தேதியும் மணியும் சேர்க்கிறது. இருந்தும் இரண்டாவது முறை அந்த வீட்டுக்குப் போனபோது டிபன் பாக்ஸைக் கையோடு கொண்டுபோய், கேமரா பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.