தனுஷ்கோடிக்கு சைக்கிளில்: முதல்முறை போகிறவர்களுக்கு

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். திரும்ப அதே தூரம். வழியில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மேடு கிடையாது. அதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். இங்கே சோதிப்பது தூரம் இல்லை, காற்று.

1. முதலில் மாதம் பாருங்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் இறைக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடையும் மழையும். 1964 டிசம்பரில் ஊரையும் ரயிலையும் ஒரே ராத்திரியில் கொண்டுபோன கடல் இது. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை போங்கள்.

2. முந்தின நாள் வேலை. குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சீட்டின் உயரம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று. கையில் ஒரு ட்யூப், டயரைக் கழற்றும் லீவர், பம்பு. செயினுக்கு எண்ணெய் விட்டதும் துணியால் துடைத்துவிடுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் மணல் ஒட்டி நறநறக்கும்.

3. விடியும்போதே கிளம்புங்கள். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். முகுந்தராயர் சத்திரம் வரை சவுக்கும் உடைமரமும் கொஞ்சம் நிழல் தரும். அதற்கப்புறம், 2017-ல் திறந்த 9.5 கி.மீ. சாலையில் மருந்துக்குக்கூட நிழல் இல்லை. இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. அமைதியானதைப் பெண்கடல் என்றும் அலையடிப்பதை ஆண்கடல் என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

4. குறுக்குக் காற்றைப் பழகுங்கள். கச்சான் மாதத்தில் போக நேர்ந்தால், போகும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளும். தெரியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுவீர்கள். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் முந்தினால் காற்று சட்டென்று நின்றுபோகும். சைக்கிள் வேன் பக்கமே சரியும். வேன் போனதும் மறுபடி ஓர் அறை. அதனால் ஹாரன் கேட்டதும் ஓரம் ஒதுங்கி வேகத்தைக் குறையுங்கள். முழங்கையை மடக்கி, பிடியைத் தளர்த்துங்கள். இறுக்கிப் பிடித்தால் ஹேண்டில்தான் உங்களை ஓட்டும். காற்று மிஞ்சினால் இறங்கி நில்லுங்கள், வெட்கமே வேண்டாம்.

5. சாலையில் மணல் படிந்திருந்தால் முன் பிரேக்கைத் தொடாமல், திருப்பாமல், நேராக உருள விடுங்கள்.

6. இடிந்த சர்ச் பக்கம் நின்று பாருங்கள். சுற்றிலும் உப்புக்கடல், மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். குடிசைக் கடைகளில் மீன் வறுவல் மணக்கும். திரும்பும்போது சாப்பிடுங்கள். போகும்போதே ஒரு கை பார்த்துவிட்டு, கடைசி மூன்று கிலோமீட்டரை நான் மிதித்த கதை வேண்டாம்.

7. இருட்டுவதற்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். முதல் தடவை அலுப்பில் சுவரோடு சாத்திவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் செயின் செங்கல் நிறத்தில் இருந்தது.